பின்கதவுக்கு ஒரு படுதா

வேலையை விட்டு வந்த பத்தாவது நாளே வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். திருவொற்றியூரில் எங்கள் வீடு ஒரு முன்னறை, ஒரு சமையலறை, பின்னால் துணி துவைக்கும் இடம், அவ்வளவுதான். பதினெட்டு எட்டு வைத்தால் முடிந்துவிடும். முடிந்ததும் திரும்பி நடப்பேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"இன்னாய்யா, வூட்ட அளந்து யாருக்கு விக்கப் போற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் கன்டெய்னர் யார்டில் நின்றபடியே வேலை பார்த்தவன் நான். கன்டெய்னரை நாங்கள் பொட்டி என்போம். பொட்டிக்குள் சரக்கு ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், கம்பிப் பூட்டை இறக்க வேண்டும், சீல் போட வேண்டும். இதுதான் என் உத்தியோகம். கடைசி நாள் மாலை போட்டு, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். வேலையில்லாதவனுக்குக் கடிகாரம் எதற்கு? அதை இன்னும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

அவளுக்கு வீசிங் உண்டு. எங்கள் பக்கம் காலையில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். துணிக்கே அப்படியென்றால் நெஞ்சுக்கு எப்படி இருக்கும். அந்த வருஷம் ஆடிக் காற்றில் அவளுக்கு ரொம்ப முடியாமல் போனது. வாயில் அடிக்கிற பஃப் மருந்து இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக முடியவில்லை. டாக்டர் அம்மா, "கொஞ்ச மாசம் காத்து நல்லா இருக்கற ஊர்ல போய் இருங்களேன்" என்றார். அதை அவர் ஏதோ போகிற போக்கில் சொன்னார். நான் லபக்கென்று பிடித்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஊர் என்று தனியாக ஒன்று கிடையாது. அவள் புளியந்தோப்பில் பிறந்தவள், நான் ராயபுரம். சொந்தக்காரர் வீடு எது என்று பார்த்தாலும் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்துக்குள், இதே தூசிக்குள்தான் இருக்கும். அதனால் ஒரு பழைய லோடு வண்டி வாங்கி, பின்னால் பொட்டி கட்டி, அதிலேயே படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக்கொண்டு கடலோரமாகத் தெற்கே போய்க்கொண்டே இருக்கலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்றால் நானே செய்தேன். அவளிடம் வண்டி வாங்கிய பிறகுதான் சொன்னேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் மூச்சுக்காக என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் காலுக்காகத்தான் வாங்கினேன். எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

தண்டையார்பேட்டையில் டிரெய்லர்களுக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர் ஒருவர் என் பழைய தோஸ்து. என்னைவிடப் பத்து வயசு சின்னவர், என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். கழித்துப்போட்ட பொட்டி ஒன்றிலிருந்து தகடும் கதவும் வெட்டி எடுத்து வண்டிக்கு அளவாகச் சேர்த்துக் கொடுத்தார். பின்பக்கம் இரட்டைக் கதவு. ஒவ்வொரு கதவிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு கம்பி. கம்பியைத் திருப்பி இறக்கினால் மேலும் கீழும் கொக்கிகள் போய்க் கடித்துக்கொள்ளும். திறந்தால் கதவு இரண்டும் முழுக்கச் சுற்றி வந்து வண்டியின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும், அங்கே ஒரு கொக்கியில் மாட்டிவிடலாம். கப்பல் ஏறிப் போகிற கதவு அது, அலை அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே விடாது. அந்தக் கதவைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

பக்கத்தில் ஜன்னல் எங்கே என்று அவள் கேட்டாள்.

"தகட்ட வெட்னா பொட்டி லூசாயிடும்மே. மேல ரெண்டு காத்துத் துவாரம் கீது பாரு."

அவள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். நான் விளையாட்டாக ஒரு கதவை மட்டும் பாதி சாத்தினேன். அவ்வளவுதான், பதறிக்கொண்டு இறங்கிவிட்டாள். முகமெல்லாம் வேர்வை.

"எனுக்கு உள்ள அடச்சா மாரி கீது. கதவு தொறந்து கெடந்தாதான் நான் படுப்பேன்."

"தொறந்தே வெச்சிக்க, யாரு வேணான்னா?"

"மழ பேஞ்சா?"

நான் வானத்தைப் பார்த்தேன். அவளே சொன்னாள்.

"மழயிலயும் கதவத் தொறந்து வெச்சினு படுக்க முடியுமா? முடியும்னா வர்றேன். இல்லாங்காட்டி நீ மட்டும் போ, நான் வூட்லயே இருமிகினு கெடக்கறேன்."

இப்படித்தான் படுதா வேலை ஆரம்பித்தது. பின்கதவுக்கு மேலே ஆறடிக்கு வெளியே நீண்டு நிற்கிற ஒரு தார்ப்பாய்க் கூரை. வேண்டும்போது இழுத்து விரித்துக்கொள்ளலாம், வேண்டாதபோது சுருட்டிக் கூரை விளிம்பில் கட்டிவிடலாம். அது சரியாக அமைந்தால் அவள் வருவாள், இல்லாவிட்டால் வரமாட்டாள். அவள் வராமல் நான் போவேனா? போய்விடுவேனோ என்று எனக்கே பயமாகத்தான் இருந்தது.

பட்டறைக்காரர் இரும்பு ஆங்கிளை அளந்து வெட்டி, வண்டியின் இரண்டு பக்கத் தகட்டிலும் சாய்வாகக் கைகள் வைத்து வெல்டிங் அடித்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். பார்க்க ஷோக்காக இருந்தது. கதவைத் திறந்தேன். பாதி வந்து டங்கென்று நின்றுவிட்டது. பக்கவாட்டில் கதவு வந்து படிய வேண்டிய இடத்தில் நாங்கள் இரும்புக் கையை வைத்துத் தொலைத்திருக்கிறோம். இரண்டு கழுதை வயசு ஆனவர்கள், ஒரு முழுக் காலை நேரம், கதவைச் சாத்தி வைத்துக்கொண்டே அளந்திருக்கிறோம்.

"இன்னா நைனா, நீயாவது சொல்லக் கூடாதா?"

"நீ வெல்டரா, நான் வெல்டரா?"

"எங்க வேலைல டோர் சாத்தினாதான வேல முடிஞ்சதுன்னு அர்த்தம். தொறந்து வெச்சி எவன் பாத்தான்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். யார்டிலும் பட்டறையிலும் கதவென்றால் சாத்திய கதவுதான். அப்போது இரண்டு பேரும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

அடுத்த தடவை பக்கத் தகட்டைத் தொடவே இல்லை. கூரை விளிம்பில் கீல் வைத்து, முன்னால் இரண்டு பைப் கால் தரையில் ஊன்றுகிற மாதிரி செய்தார். கதவுகள் படுதாவுக்கு அடியில் தாராளமாகச் சுற்றி வந்தன. வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்து தெருவில் நிறுத்தி, என் மனைவியை மொட்டை மாடிக்கு அனுப்பினேன். மழைக்குப் பதில் குடம். அவள் மேலிருந்து சாய்த்த முதல் குடத்திலேயே தார்ப்பாய் நடுவில் தொப்பை போட்டுக்கொண்டது. தண்ணீர் தேங்கித் தொங்கியது. நான் அடியில் போய் விரலால் லேசாகத் தட்டினேன். மொத்தமும் பின்பக்கமாகச் சரிந்து வந்து என் தலையில் கொட்டியது.

"இன்னோரு கொடம் வேணுமா?" என்று மேலிருந்து கத்தினாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. எதிர்வீட்டு ஆட்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. எனக்கு உள்ளூர சந்தோஷம்தான், ஆனால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

ஒரு பைப் காலைக் கொஞ்சம் குட்டையாக வெட்டி, தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடுகிற மாதிரி செய்தோம். தொப்பை போய்விட்டது. ஆனால் கூரைக்கும் படுதாவுக்கும் நடுவே இருந்த ஒரு விரல் சந்தில் தண்ணீர் வழிந்து சரியாக வாசற்படியில் சொட்டியது. அதற்கு நான்தான் வழி கண்டுபிடித்தேன். பொட்டிக் கதவைச் சுற்றி வருகிற தடித்த கறுப்பு ரப்பர் பட்டையில் மிச்சம் இருந்ததை அந்தச் சந்து முழுக்க வைத்துத் திருகாணி போட்டேன். கையோடு கையாகக் கதவு விளிம்புகளிலும் புது ரப்பர் ஒட்டினேன். ஒரு ஊசி நுழையாது. மறுபடி குடம், மறுபடி அவள் மாடியில். பதினொரு குடம் ஊற்றினாள், வாசற்படியில் ஒரு சொட்டுகூட இல்லை.

அவள் இறங்கி வந்து கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். படி காய்ந்திருந்தது. "சரி, நெஜ மழ பேயட்டும். அப்பால பாக்கலாம்" என்றாள்.

நிஜ மழைக்குக் காத்திருக்க என்னால் முடியுமா? வானம் லேசாகக் கறுத்தாலே வாசலுக்கு ஓடுவேன். மூன்று நாள் கறுத்துக் கறுத்து ஏமாற்றியது. நாலாம் நாள் மதியம் வடக்கே நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டைத் தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு அவளையும் ஏற்றிக்கொண்டு எண்ணூர் பக்கம் விட்டேன். ரோடு முழுக்க டிரெய்லர் வரிசை. ஒவ்வொரு பொட்டியின் பின்கதவையும் பார்த்துக்கொண்டே போனேன், கம்பி இறங்கியிருக்கிறதா, சீல் இருக்கிறதா என்று. அவள் என்னைப் பார்த்துவிட்டு, "வேலய வுட்டாலும் அத்த வுட மாட்ட" என்றாள்.

நெட்டுக்குப்பத்தில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மணல் கெட்டியாக இருந்த இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். கதவு இரண்டையும் திறந்து பக்கவாட்டில் கொக்கி மாட்டினேன். படுதாவை விரித்து, பைப் காலை ஊன்றி, கயிறு இழுத்துக் கட்டினேன். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து நெத்திலிக் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். காற்று கடல் பக்கமிருந்து வந்ததால் அன்றைக்கு அவளுக்கு இழுப்பு இல்லை. "கொஞ்சம் சாயறேன்" என்று உள்ளே படுத்துக்கொண்டாள். படுத்தபடியே படுதாவையும் அதற்குக் கீழே தெரிந்த தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்டியே இர்ந்தா போலாம்யா" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் சம்மதம் அது.

அதைக் கேட்டதும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான். உட்கார முடியவில்லை. கால் இழுத்தது. கொஞ்ச தூரம் தள்ளி வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், என்ன மீன், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

மழை தூறலாக ஆரம்பிக்கவில்லை. தண்ணீர் மேலே வெள்ளையாக நகர்ந்து வந்து, ஒரே அடியாக இறங்கியது. நான் ஓடினேன்.

யார்டில் மழை வந்தால் எங்களுக்கு ஒரே வேலைதான். முதல் துளி விழுந்ததும் யாராவது ஒருத்தன் "டோரு!" என்று கத்துவான். டீ குடிக்கிறவன், கணக்கு எழுதுகிறவன், எல்லாரும் போட்டது போட்டபடி ஓடி, திறந்து கிடக்கிற கதவை எல்லாம் சாத்துவோம். சரக்கு நனைந்தால் தொலைந்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்க மாட்டோம். இடது கதவு, வலது கதவு, கம்பியைத் திருப்பு, இறக்கு, முடிந்தது, அடுத்த பொட்டி. என் கை அதை முப்பத்திரண்டு வருஷம் செய்தது.

அன்றைக்கும் செய்தது.

ஓடிப்போய்க் கொக்கியைத் தட்டிவிட்டு, இடது கதவு, வலது கதவு, இரண்டு கம்பியும் இறக்கி, ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டு, படுதாவுக்கு அடியில் நிமிர்ந்து நின்றேன். மேலே பார்த்தேன். தண்ணீர் மூலைக்கு அழகாக ஓடி வழிந்தது. ரப்பர் வைத்த இடத்தைப் பார்த்தேன், ஒழுகவில்லை. கயிற்றைத் தொட்டேன், விறைப்பாக இருந்தது. காற்று அடித்தது, பைப் கால் அசையவில்லை. அடேயப்பா, என்ன வேலை செய்திருக்கிறோம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். தார்ப்பாய் மேலும் தகட்டின் மேலும் மழை அடித்த சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அப்படி எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பாத்தியாமே, ஒரு சொட்டு..." என்று திரும்பினேன். மூடிய கதவு நின்றது.

கம்பி கையில் வழுக்கியது. ஒன்று வந்தது, மற்றது வரவில்லை, பிறகு வந்தது. கதவைத் திறந்தேன். அவள் தரையில், கதவுக்கு அடிவிளிம்பில் வாயை வைத்துக் குப்புறக் கிடந்தாள். மேலே இருந்த துவாரம் எட்டாமல் கீழே சந்து தேடியிருக்கிறாள். அந்தச் சந்தைத்தான் நான் ரப்பர் வைத்து அடைத்திருந்தேன். ஒரு கையில் பஃப், இன்னொரு கையின் முட்டிகளில் ரத்தம். தட்டியிருக்கிறாள். எவ்வளவு தட்டினாளோ.

தூக்கி வாசற்படியில் உட்காரவைத்தேன். நெஞ்சு விசில் அடித்தது. "ஐயோ, மறந்துட்டேம்மே, கை தானா..." என்று என்னென்னவோ உளறினேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். படுதாவுக்கு அடியில் மழைக் காற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு துளிகூட அவள் மேல் விழவில்லை.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்கள் வீட்டில் திட்டுக்குப் பஞ்சமே கிடையாது, கஸ்மாலம் என்பதெல்லாம் சாதாரணமாக விழும். அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை. வரும்போது முன்சீட்டில் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு நனைந்துகொண்டே வந்தாள். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் சோறு போட்டாள், பேசவில்லை. நான் பதினெட்டு எட்டையும் நடந்தேன். வீட்டை அளக்கிறாயா என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேலிக்காக ஏங்கிப்போனேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் வண்டியைப் பட்டறைக்கு விட்டேன்.

"நாலு கம்பியா இர்ந்தாலும் செரி, எல்லாத்தயும் வெட்டு" என்றேன்.

"ரெண்டு தான் நைனா கீது. கம்பி இல்லாம டோரு எப்டி நிக்கும்? சொம்மா பேஜாரு பண்ணாத."

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பிகளை அறுத்தார். உள்ளிருந்தே திறக்கிற மாதிரி ஒரு தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளே ஏறிச் சாத்தித் திறந்து, சாத்தித் திறந்து, பத்துத் தடவை செய்து காட்டினேன்.

அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "கம்பியா என்னிய உள்ள அடச்சுது?" என்றாள்.

"தெரியாமப் பண்ட்டேம்மே."

"தெரியாமத்தான் பண்ண. நாளிக்கு எங்கனா மழ வரும், தெரியாமத்தான் திருப்பியும் பண்ணுவ. உன் கைய நீயே நம்புவியா?"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அந்தப் படுதா நல்லாத்தான் கீது. ஒழுவல. நான் உள்ள கெடக்கும்போதும் அத்தத்தான் நெனச்சேன், வெளிய இந்தாளு நனையாம நிக்கறானேன்னு" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக உள்ளே வைத்திருந்தது அத்தனையும் வந்தது. தெருவில் டிரெய்லர்கள் போய்க்கொண்டிருக்க, நானும் நின்று அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

அன்று சாயங்காலமே கீல்களை நானே கழற்றினேன். அலை அடித்தாலும் அசையாத அந்தக் கதவுகளைத் துணி துவைக்கும் இடத்துச் சுவரில் சாய்த்துவைத்தேன். அவள் அதன்மேல் பாயைக் காயப்போட்டாள். பட்டறைக்காரர் படுதாவின் ஓரத்தில் இன்னும் ஒரு துண்டுத் தார்ப்பாய் தைத்துச் சேர்த்தார். தூங்கும்போது அதை இறக்கிவிட்டால் திரை. காலால் தள்ளினால் விலகிவிடும். கள்ளன் வந்தால் என்ன செய்வாய் என்று தெருவில் கேட்டார்கள். எங்கள் வண்டியில் இருப்பது ஓர் அடுப்பும் இரண்டு தலையணையும்தான், வரட்டும் என்றேன்.

தை பிறந்த வாரம் கிளம்பினோம். எண்ணூர்ப் புகை பின்னால் போனது, நகரமும் போனது. மரக்காணம் தாண்டி உப்பளங்களுக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்த ஒரு மதியம், அவள் உள்ளே படுத்திருந்தாள். நான் வழக்கம்போல உட்கார முடியாமல் தோப்புக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். பருவம் தப்பிய மழை, சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. ஓடினேன். படுதாவுக்கு அடியில் போய் நின்றபோது என் கை இரண்டும் தோள் உயரத்துக்கு எழுந்து, விரல்கள் விரிந்து, பக்கவாட்டில் போய்விட்டிருந்தன. பிடிக்க அங்கே எதுவும் இல்லை.

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, டோரத் தேட்றியா?"

"ஆமாம்மே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மழை அப்படி அடித்தது.

அவள் காலை மடக்கிக்கொண்டு வாசற்படிப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டாள். "வா, சொம்மா குந்து" என்றாள். போய் உட்கார்ந்தேன்.